ஆறு பேர் இருந்தால் டீம் தயார்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் அமெரிக்க ஃபுட்பால் பற்றி நாலு வரி எழுதப் போய், கடிதங்கள் குவிந்துவிட்டன. அதில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். அங்கே சின்ன ஊர்ப் பள்ளிகளில் பதினோரு பேருக்குப் பதிலாக ஒன்பது, எட்டு, ஏன் ஆறே பேரை வைத்துக்கூட ஆடுகிறார்களாமே, அது என்ன ஆட்டம் என்று. சரி, இந்த முறை கிரிக்கெட்டுக்கு லீவு.

*

கேள்வி: சார், என் கணவருக்கு மேற்கு டெக்சாஸில் காற்றாலையில் வேலை. மகன் ஒன்பதாவது படிக்கிறான். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மொத்தப் பள்ளிக்கும் அறுபது பிள்ளைகள்தான். போய்ச் சேர்ந்த வாரமே அவனை ஃபுட்பால் டீமில் இழுத்துப் போட்டுவிட்டார்கள். ஆறு பேர்தான் ஆடுவார்களாம். போன வெள்ளிக்கிழமை ஸ்கோர் 68-52! இது நிஜமான ஃபுட்பால்தானா, இல்லை பிள்ளைகள் ஆசைக்காக ஒப்புக்கு நடத்துகிறார்களா?
- ஒரு தாய், மேற்கு டெக்சாஸ்

பதில்: நிஜமான ஃபுட்பால்தான் சகோதரி, சந்தேகமே வேண்டாம். ஹெல்மெட், தோள்கவசம், இடி, உருண்டு விழுவது எல்லாம் அதேதான். டெக்சாஸில் பள்ளிப் போட்டிகளை நடத்தும் யூ.ஐ.எல். அமைப்பு 1938இலேயே இந்த ஆட்டத்தைச் சேர்த்துக்கொண்டது, 1972 முதல் இதற்கென்று மாநில சாம்பியன் பட்டமும் உண்டு. மாணவர் எண்ணிக்கை 105க்குக் கீழே இருக்கும் பள்ளிகளுக்கானது இது. இப்போதெல்லாம் இறுதிப் போட்டி எங்கே நடக்கிறது தெரியுமா? ஆர்லிங்டனில், டல்லாஸ் கவ்பாய்ஸ் என்ற தொழில்முறை அணியின் ஸ்டேடியத்தில். அறுபது பேர் படிக்கிற பள்ளியின் பையன், எண்பதாயிரம் பேர் உட்காரக்கூடிய இடத்தில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். ஒப்புக்கு நடத்துகிறவர்கள் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

ஸ்கோர் விஷயத்துக்கு வருவோம். மைதானம் 100 கெஜத்துக்குப் பதில் 80 கெஜம் நீளம், அகலம் 40 கெஜம். மைதானமும் சின்னது, ஆளும் குறைவு, அப்படியானால் இரண்டும் சரிக்குச் சரிதானே என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன், பிறகு ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினோரு பேர் ஆட்டத்தில் ஆளுக்குச் சுமார் 242 சதுர கெஜம், ஆறு பேர் ஆட்டத்தில் சுமார் 267. அதாவது சின்ன மைதானத்தில்தான் ஆளுக்கு இடம் அதிகம்! அதைவிட முக்கியம், நடுவில் மதில் மாதிரி நிற்கும் தடியர் கூட்டம் இங்கே கிடையாது. ஒருவனைத் தாண்டிவிட்டால் அப்புறம் வெட்டவெளிதான். அதனால்தான் நாலு முயற்சிக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும் என்பதை இங்கே 15 கெஜம் ஆக்கினார்கள், அப்படியும் ஸ்கோர் எழுதுகிறவருக்குக் கை வலிக்கிறது.

அடுத்து, எனக்கு ரொம்பப் பிடித்த விதி. பந்தை முதலில் வாங்குகிற பையன் தானே அதைத் தூக்கிக்கொண்டு, இரண்டு அணியும் எதிரெதிரே நிற்கும் கோட்டைத் தாண்டி ஓடக் கூடாது. இன்னொருவன் கைக்கு மாற்றிவிட வேண்டும், அல்லது எறிய வேண்டும். இந்த விதி மட்டும் இல்லையென்றால், ஊரில் வேகமாக ஓடத் தெரிந்த ஒரு பையனிடம் பந்தைக் கொடுத்துவிட்டு மீதி ஐந்து பேர் இடுப்பில் கைவைத்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார்கள். இன்னொன்று, இங்கே ஆறு பேருமே எறிந்த பந்தைப் பிடிக்கலாம். பதினோரு பேர் ஆட்டத்தில் நடு வரிசையில் நிற்கும் கனத்த பையன் பள்ளி முடியும் வரை எதிராளியை முட்டித் தள்ளுவதோடு சரி, முன்னால் எறிகிற பந்து அவனுக்கு வரவே வராது. ஆறு பேர் ஆட்டத்தில் அதே பையன் சட்டென்று திரும்பி ஓடிப் பந்தைப் பிடித்து டச் டவுன் போடலாம், அதாவது எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டு சேர்க்கலாம். உங்கள் மகன் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பவன் என்றால் கோச்சிடம் அவனை சென்டர் இடத்தில், அதாவது நடுவில் நின்று பந்தை எடுத்துக் கொடுக்கிற இடத்தில், போடச் சொல்லுங்கள், ஜாலியாக இருக்கும்.

புள்ளிக் கணக்கிலும் ஒரு தலைகீழ் இருக்கிறது. டச் டவுனுக்கு 6, அதில் மாற்றமில்லை. அதற்குப் பிறகு வரும் கூடுதல் முயற்சியில் பதினோரு பேர் ஆட்டத்தில் பந்தைக் கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 1, ஓடினாலோ எறிந்தாலோ 2. இங்கே உதைத்தால்தான் 2, மற்றதற்கு 1. டச் டவுன் இல்லாமலே ஆட்டத்தின் நடுவில் அப்படி உதைக்கிற ஃபீல்டு கோலுக்கும் 3 இல்லை, 4. குறுக்குக் கம்பத்தைக்கூட ஒரு அடி தாழ்த்திக் கொஞ்சம் அகலமாக்கியிருக்கிறார்கள். ஆறே பேரை வைத்துக்கொண்டு, பாய்ந்து வருகிறவர்களைத் தடுத்து, உதைக்கிறவனையும் காப்பாற்றுவது லேசுப்பட்ட வேலை இல்லையே.

அப்புறம், பாதி ஆட்டம் முடியும்போதோ அதற்குப் பிறகு எப்போதானாலும் சரி, வித்தியாசம் 45 புள்ளி ஆகிவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. இடைவேளையில் வரிசையில் நின்று நாச்சோஸ் வாங்கிக்கொண்டு திரும்பினால் மைதானத்தில் விளக்கை அணைத்துக்கொண்டிருப்பார்கள். முதலில் ஸ்கோரைப் பாருங்கள், அப்புறம் வரிசையில் நில்லுங்கள்.

*

கேள்வி: கேரளாவில் ஆடும் செவன்ஸ் மாதிரியா?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மலப்புறம் பக்கம் தற்காலிக கேலரி கட்டி ஆடும் செவன்ஸைச் சொல்கிறீர்கள். அது நம் கால்பந்து. இது கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம், பந்தும் முட்டை வடிவம். ஆளைக் குறைத்தால் ஆட்டம் சூடு பிடிக்கும் என்பதில் மட்டும் இரண்டுக்கும் ஒற்றுமை. செவன்ஸ் ரசிகர்களைக் கூட்டுவதற்காக வளர்ந்தது, இது டீமே இல்லாமல் போய்விடக் கூடாதே என்று வந்தது.

*

கேள்வி: நான் ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர். எங்கள் பள்ளியிலும் பதினோரு பேரைத் திரட்டுவதற்குள் நாக்குத் தள்ளிவிடும். இந்த யோசனை யாருக்கு முதலில் வந்தது?
- வாசகர், மதுரை

பதில்: உங்களைப் போல ஒரு வாத்தியாருக்குத்தான் ஐயா. ஸ்டீபன் எப்ளர் என்று பெயர். நெப்ராஸ்கா மாநிலத்தின் தென்கோடியில், கான்சாஸ் எல்லையை ஒட்டிய செஸ்டர் என்ற சிற்றூரின் பள்ளியில் வேலை பார்த்தவர். 1934ஆம் வருடம். பொருளாதார மந்தம் ஒரு பக்கம், வறட்சி இன்னொரு பக்கம், கிராமத்துப் பள்ளியில் இருபத்திரண்டு பையன்கள் இருந்தால்தானே இரண்டு பக்கமாகப் பிரித்துப் பயிற்சியாவது கொடுக்க முடியும்? இருந்தாலும் அத்தனை பேருக்கும் ஹெல்மெட், கவசம் வாங்கக் காசு எங்கே? ஆளைக் கூட்ட முடியாது, ஆட்டத்தைச் சுருக்குவோம் என்று உட்கார்ந்து விதிகளை எழுதினார். விரலுக்குத் தகுந்த வீக்கம்!

அந்த செப்டம்பர் கடைசியில் ஹெப்ரன் என்ற ஊரில், விளக்கு வெளிச்சத்தில் முதல் ஆட்டம் நடந்தது. ஒரு பக்கம் ஹார்டி, செஸ்டர் இரண்டு ஊரும் சேர்ந்த அணி, எதிரே பெல்விடியர், அலெக்ஸாண்ட்ரியா சேர்ந்த அணி. கவனித்தீர்களா, ஆறு ஆறு பேர் கொண்ட இரண்டு டீமுக்கு நாலு ஊர் சேர வேண்டியிருந்தது! இரண்டு வாரம்தான் பயிற்சி. கிட்டத்தட்ட ஆயிரம் பேர் பார்க்க வந்தார்கள், 19-19 என்று சமனில் முடிந்தது. பிறகு விதிகளை அச்சடித்துப் பல ஊர் கோச்களுக்கு அனுப்பினார்கள், அப்படியே பரவிவிட்டது.

எப்ளர் அதோடு நின்றுவிடவில்லை. 1946இல் ஒரேகான் மாநிலத்தில், போர் முடிந்து திரும்பிய சிப்பாய்கள் படிப்பதற்காக வான்போர்ட் என்ற குடியிருப்பில் ஒரு கல்லூரியைத் தொடங்கினார். இன்றைய போர்ட்லேண்ட் மாநிலப் பல்கலைக்கழகம் அதுதான். இருப்பதை வைத்து ஒப்பேற்றுவதில் மனிதர் கெட்டிக்காரர்.

*

கேள்வி: ஆள் இல்லையென்றால் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்ந்து பதினோரு பேராகவே ஆடலாமே? எதற்கு விதியை வளைக்க வேண்டும்?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: சேர்ந்தும் ஆடுகிறார்கள். நெப்ராஸ்கா, தெற்கு டக்கோட்டா, மினசோட்டா பக்கமெல்லாம் இரண்டு மூன்று ஊர்ப் பெயரைக் கோத்து எழுதிய டீம்கள் நிறைய உண்டு. ஆனால் அங்கே பக்கத்து ஊர் என்றால் பாளையங்கோட்டைக்கும் சந்திப்புக்கும் உள்ள தூரம் என்று நினைத்துவிடாதீர்கள். அரை மணி நேரம் காரில் போனாலும் சோளக் கொல்லைதான் வரும். பள்ளி விட்டதும் பஸ்ஸில் போய்ப் பயிற்சி எடுத்து இருட்டியபின் வீடு திரும்புகிற பையன் எப்போது படிப்பான், எப்போது அப்பாவுக்குப் பண்ணையில் ஒத்தாசை செய்வான்?

அதற்கும் அடியில் ஒரு பயம் இருக்கிறது. டிராக்டரும் அறுவடை இயந்திரமும் பெரிதாகப் பெரிதாக, பத்துக் குடும்பம் உழுத நிலத்தை ஒரு குடும்பமே பார்த்துக்கொள்கிறது. மற்றவர்கள் நகரத்துக்குப் போய்விட்டார்கள், பள்ளியும் இளைத்துவிட்டது. டீமைச் சேர்த்தால் அடுத்து பள்ளியைச் சேர்ப்பார்கள், பள்ளி போனால் ஊரில் மிச்சம் தபால் நிலையமும் தேவாலயமும்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊரே ஒன்றுகூட ஒரு சாக்கு இருக்கிறதே, அதை எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நம் ஊரில் அம்மன் கோவில் கொடையைப் பக்கத்து ஊரோடு சேர்த்துக் கொண்டாடச் சொல்லிப் பாருங்களேன்.

அதனால் படிப்படியாக இறங்குகிறார்கள். மினசோட்டாவிலும் டக்கோட்டாக்களிலும் ஒன்பது பேர். நெப்ராஸ்கா, கான்சாஸ், அயோவா பக்கம் எட்டுப் பேர், மிச்சிகனில் 2011 முதல் எட்டுப் பேர் ஆட்டத்துக்கென்று தனி பிளேஆஃப் நடக்கிறது. நெப்ராஸ்கா, மொன்டானா, கொலராடோவில் அதையும்விடச் சின்னப் பள்ளிகள் ஆறு பேரோடு ஆடுகின்றன. பதினோரு பேரிலிருந்து எட்டுக்கு இறங்கும்போது ஊர்ப் பெரியவர்களுக்குக் கொஞ்சம் மானப் பிரச்சினைதான். நெப்ராஸ்காவில் மச்சினர் வீட்டுக்குப் போயிருந்தபோது எட்டுப் பேர் ஆட்டம் ஒன்று பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு விவசாயி முதல் பத்து நிமிடம், தன் காலத்தில் பதினோரு பேர் ஆடிய பெருமையையே பேசினார். பிறகு பேரன் பந்தைப் பிடித்தான், அந்தப் பேச்சு அதோடு போச்சு.

*

கேள்வி: என் பேரன் நெப்ராஸ்காவில் எட்டுப் பேர் டீமில் ஆடுகிறான். ஆள் குறைந்தால் அடிபடுவதும் குறையுமா?
- தாத்தா, நாகர்கோவில்

பதில்: குறையும் என்று நான் சொல்ல மாட்டேன் ஐயா. நடுவில் குவியலாக மோதிக்கொள்வது குறைவு, ஆனால் திறந்த வெளியில் முழு வேகத்தில் ஓடிவந்து மோதுவது அதிகம். என்னைக் கேட்டால் பெரிய ஆபத்து களைப்புதான். சின்ன டீமில் அதே பையன்கள் பந்து தங்களிடம் இருக்கும்போதும் ஆடுவார்கள், எதிராளியிடம் இருக்கும்போதும் ஆடுவார்கள், மூச்சு வாங்க நேரமே இருக்காது. ஆட்களை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம் என்று விதி இருக்கிறது, மாற்ற ஆள் வேண்டுமே! அதனால் மகனிடம் சொல்லி, டீமில் மொத்தம் எத்தனை பேர் என்று கேட்கச் சொல்லுங்கள். பதினாறு பதினெட்டு இருந்தால் நிம்மதி. பத்துப் பேர்தான் என்றால் கொஞ்சம் கவனமாக இருக்கட்டும், அதிலும் ஆகஸ்ட் வெயிலில் நடக்கும் பயிற்சியில்.

தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்ததாகச் சந்தேகம் வந்தால் பையனை உடனே வெளியே எடுக்க வேண்டும், மருத்துவச் சான்று இல்லாமல் திரும்பச் சேர்க்கக் கூடாது என்ற சட்டம் 2009இல் வாஷிங்டன் மாநிலத்தில் வந்தது. 2014க்குள் எல்லா மாநிலங்களும் இதுமாதிரி சட்டம் போட்டுவிட்டன. ஆனால் பையன் வாயைத் திறந்து சொன்னால்தானே? 'நான் போனால் டீமில் ஆள் இல்லை' என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பான். அதைத் தாத்தா நீங்கள் போனில் சொன்னால் கேட்பான், அப்பா சொன்னால் கேட்க மாட்டான்.

*

கேள்வி: இப்படி ஆடிவிட்டு எவனாவது பெரிய ஆட்டக்காரன் ஆகியிருக்கிறானா?
- வாசகர், திருச்சி

பதில்: ஏன் இல்லாமல்? டெக்சாஸில் கிறிஸ்டோவால் என்ற சிற்றூரில் ஆறு பேர் ஆட்டம் ஆடிய ஜாக் பார்டீ, அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.-இல் லைன்பேக்கர் என்ற தடுப்பாட்டக்காரராக வளர்ந்து பிறகு அங்கேயே தலைமை கோச்சும் ஆனார். கல்லூரி ஃபுட்பாலின் மிகப் பெரிய விருதான ஹெய்ஸ்மனை 1994இல் வாங்கிய ரஷான் சலாம், பள்ளியில் எட்டுப் பேர் ஆட்டக்காரர். தெற்கு டக்கோட்டாவில் ஒன்பது பேர் ஆடிய சாட் கிரீன்வேயை 2006இல் என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது மினசோட்டா வைக்கிங்ஸ் முதல் சுற்றிலேயே எடுத்தது. ஐடஹோவில் ரிகின்ஸ் என்று சில நூறு பேர் வாழும் ஊர். அங்கே எட்டுப் பேர் ஆடிய லெய்டன் வாண்டர் எஷ் உதவித்தொகை இல்லாமல்தான் பாய்ஸி மாநிலப் பல்கலைக்கழக அணியில் நுழைந்தார், 2018இல் டல்லாஸ் கவ்பாய்ஸ் முதல் சுற்றில் எடுத்துக்கொண்டது. கழுத்துக் காயத்தால் சீக்கிரமே ஓய்வு பெற வேண்டியதாகிவிட்டது, அது வேறு கதை.

ஆனால் இவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். நூற்றுக்கணக்கான பையன்கள் பன்னிரண்டாவதோடு ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பண்ணைக்கோ கல்லூரிக்கோ போய்விடுகிறார்கள். அதில் என்ன குறை?

*

கேள்வி: மறுபடியும் நான்தான் சார். அடுத்த வாரம் வெளியூர் ஆட்டம். அங்கே கேலரியே சின்னது, இடம் கிடைக்காது என்கிறார்கள். எங்கே உட்காருவது?
- அதே தாய், மேற்கு டெக்சாஸ்

பதில்: காரிலேயே உட்காருங்கள். பல ஊர்களில் வேலியை ஒட்டிச் சுற்றிலும் வண்டியை நிறுத்திவிட்டு அங்கிருந்தே பார்ப்பார்கள், டச் டவுன் விழுந்தால் எல்லோரும் ஹாரன் அடிப்பார்கள். ஒரு மணி நேரம் முன்னால் போனால் நடுக்கோட்டுக்கு நேராக இடம் பிடிக்கலாம். தயிர் சாதம் கட்டிக்கொண்டு போங்கள், ராத்திரி காற்று அடிக்கும், போர்வை ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். ஹாரன் அடிக்கும்போது மட்டும் யாருடைய டச் டவுன் என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், சொந்த ஊர்க்காரர்கள் முறைப்பார்கள்.