"புருஷனைக் கூட்டிட்டு வாங்க" என்றால்

கேள்வி: அம்பாறை மாவட்டக் கரையோர ஊர் ஒன்றில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறேன். கணவர் பிரிந்து போய்விட்டார். அஸ்வெசும (இலங்கை அரசின் நலன்புரி உதவித்தொகை) கேட்டுப் போனால், "குவைத்துக்குப் போய் வந்தவதானே, முஸ்லிம் ஆக்களிட்ட காசு இருக்கும், புருஷனைக் கூட்டிட்டு வாங்க" என்கிறார் உத்தியோகத்தர். என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, அவர் சொன்னதில் சட்டம் எதுவும் இல்லை, ஊகம்தான். கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்ற ஆறு பிரிவுகளில் 22 சுட்டிகளை வைத்தே அஸ்வெசுமவுக்குத் தெரிவு நடக்கிறது. அதில் இனத்துக்கு இடமில்லை. தமிழ்ப் பெண் போனால் "உங்களுக்கு என்.ஜி.ஓ. தருவான்தானே" என்பார்கள். சொல்பவர் சில வேளை நம் ஆளாகவே இருப்பார்.

புருஷன் கதை இன்னும் பழையது. கிழக்கில் வீடு சீதனமாகப் பெண்ணுக்குப் போவதுதான் வழமை. அப்படியிருந்தும் 2004 சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடுகள் பல, குடும்பத் தலைவர் என்று ஆணின் பெயரில் எழுதப்பட்டன. தாய் தந்த வளவில் இருந்தவளுக்குப் புது வீட்டில் பெயரே இல்லாமல் போனது. அந்த அநியாயத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறாது.

சரி, அங்கே நின்று வாக்குவாதப்பட வேண்டாம். திகதி, நேரம், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் அப்படியே எழுதிப் பிரதேச செயலாளருக்குக் கொடுங்கள். உங்கள் பிரதியில் அலுவலக முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். கணவர் வரவேண்டும் என்பது எந்தச் சுற்றறிக்கையில் இருக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்லியாக வேண்டும். தமிழில் பதில் பெறுவது உங்கள் உரிமை. வாயால் சொல்கிற பல நிபந்தனைகள் எழுத்தில் கேட்டவுடன் காணாமல் போய்விடும்.

பிரிவுக்கு ஆதாரமாக, முஸ்லிம் விவாக வழக்குகளைப் பார்க்கும் காதி நீதிமன்றத்தின் கட்டளையோ பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியோ இருந்தால் மேன்முறையீட்டோடு இணையுங்கள். தனியாகப் போகத் தயக்கமென்றால் பிரதேச செயலகத்தில் இருக்கும் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரை முதலில் சந்தியுங்கள்.

அப்புறமும் அசையாவிட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கல்முனை அலுவலகம் இருக்கிறது, தொலைபேசி 1996. இனம், மதம், மொழி, பால் காரணமாகப் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை. சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் முறையிடுங்கள். அப்படிச் செய்தால், உயர் நீதிமன்றம் போவதற்கான ஒரு மாதக் கெடுவில் ஆணைக்குழு விசாரிக்கும் காலம் சேராது.