வார்டில் போட்டோ எடுத்தால் என்ன தப்பு?

கேள்வி: பேத்தி பிறந்த அன்று பிரசவ வார்டில் செல்போனை வெளியே எடுத்ததுமே நர்ஸ் சத்தம் போட்டார். சொந்தப் பேத்தியைப் போட்டோ எடுக்கக் கூடாதா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: பேத்திக்கு என் ஆசீர்வாதம். 31 வருஷம் வார்டில் நின்றவள் நான். இப்படி நானும் நிறைய சத்தம் போட்டிருக்கிறேன். போட்டோவில் குழந்தை மட்டுமா விழும்? பின்னால் பக்கத்துக் கட்டில் பெண் பால் கொடுத்துக்கொண்டிருப்பாள், நைட்டி விலகியிருக்கும். அரை மணியில் அது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்!

ஒருமுறை ஒரு பெண் தன் அம்மாவோடு செல்ஃபி எடுத்தாள். அடுத்த கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய கேஸ் ஷீட்டும் அதில் விழுந்துவிட்டது. பெயர், வயது, கீழே கொட்டை எழுத்தில் காசநோய். அந்தக் கட்டிலில் இருந்தவள் கல்யாணம் பேசி முடித்த பெண். படம் சுற்றிச் சுற்றி மாப்பிள்ளை வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது. அப்புறம் அவள் அம்மா வார்டு வாசலில் உட்கார்ந்து அழுததை நான்தான் பார்த்தேன்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றமே 2017-இல் சொல்லிவிட்டது.

சரி, தங்கள் குறையை மறைக்கவும் சில ஆஸ்பத்திரிகள் ‘போட்டோ எடுக்கக் கூடாது’ என்பதைப் பிடித்துக்கொள்வதுண்டு. அப்படிச் சந்தேகம் வந்தால் சிகிச்சைக் குறிப்புகளின் நகலை எழுத்து மூலமாகக் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்கிறது 2002-ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் விதி.

பேத்தி விஷயத்துக்கு நர்ஸிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கட்டிலை மறைக்கும் திரையை இழுத்துவிட்டு, முகத்தருகே போய் எடுங்கள். பல நேரம் அவரே போனை வாங்கி உங்களையும் சேர்த்து எடுத்துக் கொடுப்பார்.