மூன்று மாத அண்ணன்

அன்புள்ள ஐயா,

நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். வயது 31. ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். எங்கள் கோயில் செயலவை, படிப்பில் பின்தங்கும் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஓர் அண்ணனையோ அக்காவையோ ஏற்பாடு செய்கிறது. மூன்று மாதத் திட்டம். கடைசியில் பரிசளிப்பு விழா. எனக்குக் கொடுத்த பையனுக்கு 15 வயது. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்ததால் மலாய் பழக ஒரு வருடம் புகுமுக வகுப்பில் இருந்துவிட்டு, இப்போது இடைநிலைப்பள்ளியில் படிவம் 2. பாதி நாள் பள்ளிக்குப் போவதில்லை. என்ன கேட்டாலும் ‘ம்’ மட்டும்தான். என் மோட்டார் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் அம்மா, ‘நாலு அடி போட்டாவது திருத்துங்க தம்பி’ என்கிறார். கணக்கும் மலாயும் சொல்லிக்கொடுக்க ஆரம்பிக்கவா? வராத நாளில் வீட்டுக்குப் போய் இழுத்து வரலாமா?

பெயர் வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

கடிதத்தில் நீங்கள் குறையாக எழுதிய வரிதான் எனக்குப் பிடித்தது: அவன் மோட்டாரைப் பார்க்கிறான். சரி, சங்கிலி இறுக்க, எண்ணெய் மாற்ற அவனைக் கூப்பிடுங்கள். எதிரே உட்கார்ந்து ‘ஏன் பள்ளிக்குப் போகலை?’ என்று கேட்டால் அவனுக்கு அது கட்டொழுங்கு ஆசிரியரின் அறை. கையில் ஸ்பேனர் இருந்தால் பேச்சு வரக்கூடும். வராவிட்டாலும் சங்கிலியாவது இறுகியிருக்கும். ஓட்ட மட்டும் கொடுக்காதீர்கள், லைசென்ஸ் எடுக்க 16 ஆக வேண்டும்.

பாடத்தைத் தள்ளிப்போடுங்கள். அமெரிக்காவில் ‘பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்’ என்ற அமைப்பு நூறு வருடத்துக்கு மேலாக இதே வேலையைத்தான் செய்கிறது. 10 முதல் 16 வயதுவரை 959 பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு உடனே துணை கொடுத்து, மீதிப் பேரைக் காத்திருக்க வைத்து, ஒன்றரை வருடம் பின்தொடர்ந்த ஆய்வு 1995-இல் வந்தது. துணை கிடைத்தவர்களில் போதைப்பொருளை முதன்முதலாகத் தொட்டவர்கள் 46 சதவீதம் குறைவு. பள்ளிக்கு மட்டம் போட்ட நாட்கள் ஏறக்குறைய பாதி. மதிப்பெண் என்னவோ கொஞ்சம்தான் ஏறியது. அந்த அண்ணன்மார் பாடமும் எடுக்கவில்லை, வைத்தியமும் பார்க்கவில்லை. மாதத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு மணி நேரம் கூட இருந்தார்கள், அவ்வளவுதான். அதே காலத்தில் அதே அமைப்பின் ஜோடிகளை அருகிலிருந்து கவனித்தவர்கள் இன்னொன்றையும் பார்த்தார்கள். பிள்ளையைத் திருத்துவது என்ற குறியோடு முதல் நாளிலேயே இறங்கியவர்களின் உறவு பெரும்பாலும் முறிந்துபோனது. பழக்கத்துக்கு முதலிடம் கொடுத்தவர்கள் நீடித்தார்கள், படிப்பைப் பற்றியும் பிறகு பேச முடிந்தது.

உங்கள் செயலவை அவசியம் கேட்க வேண்டியது 2002-இல் வந்த ஆய்வு. ஒரு வருடத்துக்கு மேல் நீடித்தவர்களுக்குத்தான் அதிகப் பலன். மூன்று மாதத்துக்குள் துணை விட்டுப்போன பிள்ளைகளுக்குத் தங்கள்மேல் இருந்த மதிப்பே முன்பைவிடக் குறைந்திருந்தது. படிக்க முடியும் என்ற நம்பிக்கையும்தான். அதாவது, பாதியில் விடுவதைவிட ஆரம்பிக்காமல் இருப்பது மேல். மூன்று மாதமும் பரிசளிப்பும் யாருடைய வசதிக்கு? மேடையில் நிற்பவர்களின் வசதிக்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இருபது பிள்ளைகளை எடுத்திருந்தால் ஐந்தாகக் குறைத்து, ஒரு வருடம் என்று மாற்றச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

அந்தப் பையனின் நிலைமையையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் வகுப்புக்குப் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள், ஆசிரியருக்கு அவன் பாட்டிவரை தெரியும். அங்கிருந்து நூற்றுக்கணக்கானவர்கள் படிக்கும் இடைநிலைப்பள்ளிக்கு வருகிறான், பாடமெல்லாம் மலாயில். புகுமுக வகுப்பில் ஒரு வருடம் போனதால் தன்னைவிடச் சின்னவர்களோடு உட்கார்ந்திருக்கிறான். அந்த வெட்கத்திலேயே சில பையன்கள் பேருந்தை விட்டுவிடுவார்கள். அம்மாவுக்கு வேலை நேரம் ஒத்துவராது, ஆசிரியரிடம் மலாயில் பேசக் கூச்சமும் இருக்கலாம். நீங்கள் ஒரு நாள் லீவு போட்டு அவரோடு ஆலோசக ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். எத்தனையோ டியூஷனைவிட அது பெரிய உதவி. எழுத்தே பிடிபடாமல் திணறுகிறான் என்றால் அதைச் சோம்பல் என்று முடிவு கட்ட வேண்டாம், டிஸ்லெக்சியாவாக இருக்கலாம். அரசு மருத்துவமனையில் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்த வருடம் படிவம் 3. அது முடிந்ததும் தொழிற்கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம் என்பதே நம் வீடுகள் பலவற்றுக்குத் தெரியாது. மோட்டாரைப் பார்க்கிறவனுக்குத் தெரியத்தான் வேண்டும். படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வுப் பக்கம் போனால் மலாயிலும் வரலாற்றிலும் தேறாமல் சான்றிதழ் கிடையாது. ஆகவே மலாய் தேவைதான், ஆனால் இப்போதே நோட்டுப் புத்தகத்தை விரிக்க வேண்டாம். உதிரிப்பாகக் கடையில் அவனையே கேட்டு வாங்கச் சொல்லுங்கள், அதுவும் மலாய்தான்.

அடி கூடாது. அவன் அம்மாவிடமும் அதைப் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். சந்திப்பது கோயில் மண்டபத்திலோ சாலையோர ஒட்டுக்கடையிலோ, நாலு பேர் பார்க்கும் இடமாக இருக்கட்டும். எங்கே இருக்கிறீர்கள் என்று அம்மாவுக்கு எப்போதும் தெரிய வேண்டும். சாப்பிட மீ கோரேங் வாங்கிக் கொடுங்கள், கையில் காசு கொடுக்காதீர்கள். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். யாராவது அவனிடம் பாலியல் ரீதியாக நடந்திருப்பது தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கும்பல், தற்கொலைப் பேச்சு என்று ஏதாவது வந்தால் தனியாகச் சுமக்காதீர்கள். ஆலோசக ஆசிரியர் இருக்கிறார், 15999 என்ற அரசு உதவி எண் இருக்கிறது.

அப்புறம் உங்கள் கடைசிக் கேள்வி. வராத நாளில் வீட்டுக்குப் போகலாம், ஆனால் இழுத்து வர அல்ல. ‘அடுத்த சனி, இதே நேரம்’ என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள். அதே நியாயம் உங்களுக்கும் உண்டு. ஓவர்டைம் வந்துவிட்டால் முதல் நாளே நீங்களே அவனைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள், யாரிடமும் சொல்லி அனுப்பாதீர்கள். உங்கள் வயதுக்காரர் பலரைப் போல நீங்களும் சிங்கப்பூர் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தால், அதை இந்த வாரமே செயலவையிடம் சொல்லி, ஊரிலேயே இருக்கப்போகிற ஒருவரிடம் அவனை ஒப்படைக்கச் சொல்லுங்கள்.