முதலில் வேலியைக் கேளுங்கள்: ஆப்பிரிக்க வேட்டைப் பயணம் பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "எந்த நாட்டுக்குப் போகலாம்?" என்றுதான் கேட்கின்றன. நமீபியாவிலும் ஜிம்பாப்வேயிலும் வேட்டை முகாம்களில் பதினாலு வருடம் மேலாளராகக் குப்பை கொட்டியவன் நான். நாட்டின் பெயரைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: அங்கே வேலி உண்டா, இல்லையா?

முதல் முறையாகப் போகிறேன். ஒரு குடு மான், ஒரு ஓரிக்ஸ் மான் கிடைத்தால் போதும். லீவு ஒரு வாரம்தான். தென் ஆப்பிரிக்காவா, நமீபியாவா?
*வி.ரா., ஜோகன்னஸ்பர்க்*

ஒரு வாரம் இரண்டுக்கும் போதும். ஆனால் இரண்டும் ஒரே வேட்டை இல்லை.

தென் ஆப்பிரிக்காவில் நீங்கள் போகப்போவது பெரும்பாலும் தனியார் நிலம். சுற்றிலும் எட்டடி உயரக் கம்பி வேலி. நிலத்தைச் சரியாக அடைத்திருக்கிறார் என்று சான்று வாங்கிவிட்டால், உள்ளே இருக்கும் காட்டு மிருகங்கள் நில உரிமையாளரின் சொத்து என்று 1991-ல் அங்கே சட்டமே வந்துவிட்டது. அதனால் அவர் மாடு வாங்குவதுபோல ஏலத்தில் மான் வாங்குவார், உள்ளே விடுவார், வேட்டைக்கு விற்பார். இதில் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். லிம்போபோ மாகாணத்தில் பத்தாயிரம் ஹெக்டேர் முட்புதர்க் காடு ஒன்றில் நாள் முழுக்க நடந்தும் வேலியைக் கண்ணால் பார்க்காமல் திரும்பியிருக்கிறேன். ஐந்நூறு ஹெக்டேர் என்றால் கதை வேறு. அங்கே குடு எந்த மூலையில் நிற்கும் என்பது சமையல்காரருக்குக்கூடத் தெரியும். ஆகவே பணம் கட்டுவதற்கு முன் மூன்று விஷயம் கேளுங்கள். நிலம் எத்தனை ஹெக்டேர்? மிருகங்கள் அங்கேயே பிறந்தவையா? கடைசியாக எப்போது வெளியிலிருந்து வாங்கி விட்டார்கள்? பதிலில் இழுவை தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

நமீபியாவின் மாட்டுப் பண்ணைகளில் வேலி இடுப்பளவுதான். குடு ஓடிவரக்கூட வேண்டாம், நின்ற இடத்திலிருந்தே தாண்டிவிடும். ஓரிக்ஸ் அடியில் நுழையும். கீழ்க்கம்பியில் சாம்பல் நிற முடி கொத்தாகச் சிக்கியிருந்தால் அது போகும் வழி அதுதான் என்று தெரிந்துகொள்ளலாம். மிருகம் இன்று இந்தப் பண்ணை, நாளை அடுத்த பண்ணை. அதனால் மூன்று நாள் வெறுங்கையோடு திரும்ப நேரலாம். அதைத் தாங்குவீர்கள் என்றால் என் ஓட்டு நமீபியாவுக்கே. அங்கே வேட்டைப் பருவம் பிப்ரவரி 1 முதல் நவம்பர் 30 வரை. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் நல்லது: இலை உதிர்ந்து காடு திறந்து கிடக்கும். அப்புறம் ஸ்வெட்டர் மறக்காதீர்கள். ஜூலை விடியற்காலையில் திறந்த பக்கியின் (பிக்கப் வண்டி) பின்னால் நின்றுகொண்டு போனால் விரல் மரத்துவிடும். துப்பாக்கிக்கு .308 அல்லது .30-06 தோட்டா வகை தாராளம். மேசைமேல் வைத்துச் சுட்டுப் பழகாமல், மூன்று குச்சிகளைக் கட்டி அதன்மேல் வைத்துச் சுட்டுப் பழகுங்கள்.

விலைப்பட்டியலில் "நாள் கட்டணம்", "டிராஃபி கட்டணம்" என்று தனித்தனியாகப் போட்டிருக்கிறார்கள். எதைப் பார்த்து ஒப்பிடுவது?
*எம்.கே., டொராண்டோ*

நாள் கட்டணம் என்பது தங்குமிடம், சாப்பாடு, வண்டி, தடம் பார்ப்பவர்கள், கூடவே வரும் தொழில்முறை வேட்டையாளர் ஆகியவற்றுக்கு. அவரை எல்லோரும் பி.எச். என்றுதான் சொல்வார்கள். நீங்கள் எதையும் சுடாவிட்டாலும் இது போய்விடும். டிராஃபி என்பது கொம்பையும் தோலையும் நினைவாக எடுத்துப்போகச் சுடும் மிருகம்; டிராஃபி கட்டணம் அதற்கு. இம்பாலா மானுக்குச் சில நூறு டாலர், குடுவுக்கு இரண்டாயிரம் மூவாயிரம் என்று ஏறும். நாள் கட்டணம் அடிமாட்டு விலையில் இருந்தால் டிராஃபியில் பிடித்துவிடுவார்கள். மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள்.

ஒரு விதியை மட்டும் கையெழுத்துப் போடுமுன் இரண்டு தடவை படியுங்கள். ரத்தம் விழுந்தால் முழுக் கட்டணம். மிருகம் கிடைக்காவிட்டாலும் சரி. எங்கள் முகாமில் ஒரு விருந்தாளி ஒரு வார்ட்ஹாக் பன்றியைச் சுட்டார். பன்றி வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியே போய்விட்டது. "படவே இல்லை" என்றார். தடம் பார்ப்பவர் நாற்பதடி நடந்து, குனிந்து, ஒரு புல்லைக் கிள்ளி எடுத்து வந்து அவர் உள்ளங்கையில் வைத்தார். அதில் குன்றிமணி அளவுக்குச் சிவப்பு. சாயங்காலம்வரை தேடினோம், பன்றி ஒரு எறும்புதின்னி வளைக்குள் போய்விட்டது. பணம் கட்டினார். இரவு முழுக்க என்னோடு பேசவில்லை.

"ஐந்து மிருகம், ஒரே விலை" என்ற பேக்கேஜில் கிடைக்காத மிருகத்துக்குப் பெரும்பாலும் பணம் திரும்பாது. தோல் பதம், பெட்டி கட்டி அனுப்புவது, டிப்ஸ் எல்லாம் எப்போதும் தனி.

குடு, இம்பாலா எல்லாம் முடித்துவிட்டேன். அடுத்து காட்டு எருமை. பத்து நாள் போதுமா? எங்கே?
*ஆர்.எஸ்., தார் எஸ் ஸலாம்*

பத்து நாள் நியாயமான கணக்கு. ஏழு நாளில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் மறுபடியும் வேலியைப் பற்றிக் கேளுங்கள்.

நீங்கள் தான்சானியாவிலேயே இருக்கிறீர்கள். அங்கே அரசுக் காவலர் ஒருவர் கூடவே வருவார், பிளாக்குகள் (வேட்டைக்கு ஒதுக்கிய பகுதிகள்) பெரியவை, செலவும் பெரியது. ஜிம்பாப்வேயில் ஜாம்பேசி பள்ளத்தாக்கின் செவோரே, சாபி, டாண்டே பகுதிகளில் வேலியே கிடையாது, விலையும் கொஞ்சம் கட்டுப்படி. ஜாம்பியாவில் லுவாங்வா ஆற்றை ஒட்டிய பகுதிகள் நல்லவை. மொசாம்பிக்கின் மரோமியூ சதுப்பு நிலத்தில் பெரிய பெரிய மந்தைகளைப் பார்க்கலாம், ஆனால் அங்கே பாதித் தூரம் டேங்க் போலச் சங்கிலிப் பட்டையில் ஓடும் வண்டியில் சேற்றைக் கடக்க வேண்டும். உள்நாட்டுப் போரில் மிருகங்கள் அழிந்த இடம் அது. 2018-ல் அங்கே ஜாம்பேசி ஆற்று டெல்டாவில் 24 சிங்கங்களைக் கொண்டுவந்து விடும் அளவுக்குத் தேறியது. என் மனசுக்குப் பிடித்தது ஜாம்பேசி பள்ளத்தாக்குதான். பழகிய இடம் என்பதால் இருக்கலாம்.

எதைத் தேடுகிறீர்கள் என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். மந்தையில் இருக்கும் இளம் ஆண் வேண்டாம். மந்தையை விட்டு விலகி, இரண்டு மூன்றாகச் சேர்ந்து சேற்றில் புரண்டு திரியும் கிழட்டு ஆண்களை அங்கே "டக்கா பாய்ஸ்" என்பார்கள். டக்கா என்றால் சேறு. நெற்றியில் இரு கொம்புகளும் சேரும் இடம் கல்லாக இறுகி, நடுவில் மயிர் இல்லாமல் இருக்க வேண்டும். அங்கே மிருதுவாக இருந்தால் அது இன்னும் வளரும் பிள்ளை. நல்ல பி.எச். உங்கள் குச்சியைத் தட்டிவிட்டு "வேண்டாம்" என்பார். கோபப்படாதீர்கள்.

வேட்டை என்பது அதிகாலை நீர்க்குட்டையில் தடம் எடுத்து நடப்பது. முன்னால் போகிறவர் சாம்பல் பையைத் தட்டித் தட்டிக் காற்றைப் பார்ப்பார். ஐந்து மணி நேரம் நடந்து, முதுகில் உண்ணி கொத்தும் குருவிகள் சிர்ரென்று எழும்பிய ஒரே காரணத்தால் எல்லாம் பாழாகும். ஐம்பது, அறுபது மீட்டரில்தான் சுட வேண்டியிருக்கும். .375-க்குக் குறைந்த துப்பாக்கியைப் பல நாடுகளில் சட்டமே அனுமதிப்பதில்லை. .458 எடுத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டு சுடுவதைவிட .375-ஐப் பயமில்லாமல் கையாள்வது மேல். சுட்ட பிறகு யாரும் ஓடமாட்டார்கள். நின்று காது கொடுப்பார்கள். சாகும் எருமையின் நீளமான முனகல் ஒன்று கேட்கும், அல்லது கேட்காது. கேட்காவிட்டால் அடிபட்ட எருமையைத் தேடிப் புல்லுக்குள் போகவேண்டியது பி.எச்.சின் வேலை, உங்களுடையது அல்ல.

தென் ஆப்பிரிக்காவில் சிங்க வேட்டை, நான்கு நாளில் உத்தரவாதம் என்று விளம்பரம் பார்த்தேன். மற்ற இடங்களில் சொல்லும் விலையில் கால்வாசிகூட இல்லை. நம்பலாமா?
*த.சி., சிட்னி*

நம்பலாம். சிங்கம் நிச்சயம் கிடைக்கும், ஏனென்றால் அது பண்ணையில் பிறந்து, கையால் இறைச்சி வாங்கித் தின்று வளர்ந்தது. சுடுவதற்காகத் திறந்துவிடுவார்கள். இதைத் தொழிலில் இருப்பவர்களிலேயே பலர் வேட்டை என்று ஒப்புக்கொள்வதில்லை. 2016-ல் அமெரிக்கா பண்ணைச் சிங்க டிராஃபிகளை உள்ளே விடுவதை நிறுத்தியது. 2021-ல் தென் ஆப்பிரிக்க அரசே இந்தத் தொழிலுக்கு முடிவு கட்டப்போவதாக அறிவித்தது.

காட்டுச் சிங்கம் என்றால் தான்சானியாவில் 21 நாள் உரிமம், சிங்கத்துக்கு ஆறு வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்ற விதி, செலவு லட்சம் டாலரைத் தொடும். இத்தனைக்குப் பிறகும் வெறுங்கையோடு வருபவர்கள் உண்டு. உங்கள் விஷயத்தில் இன்னொன்று: ஆஸ்திரேலியா 2015-லிருந்தே சிங்க டிராஃபிகளை நாட்டுக்குள் விடுவதில்லை. தோலை எங்கே மாட்டுவீர்கள்?

கென்யாவில் வேட்டை முகாம் உண்டா?
*பெயர் இல்லை*

1977-லேயே மூடிவிட்டார்கள். கேமராவோடு போங்கள்.

பணம் கட்டி மிருகத்தைக் கொல்வதற்கு வழி சொல்லித்தருகிறீர்களே, வெட்கமாக இல்லையா?
*ஜெ., கோயம்புத்தூர்*

கேட்க வேண்டிய கேள்விதான். 2015-ல் ஜிம்பாப்வேயின் வாங்கே பூங்காவுக்கு வெளியே, ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் கழுத்துப்பட்டை மாட்டியிருந்த செசில் என்ற சிங்கத்தை ஒரு அமெரிக்கப் பல் மருத்துவர் அம்பெய்து கொன்றது நினைவிருக்கும். அதை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

ஆனால் நான் வேலை பார்த்த இடத்தில் பார்த்ததையும் சொல்லியாக வேண்டும். நமீபியாவில் 1996-ல் சட்டம் மாற்றி, கிராம மக்களே சேர்ந்து வனவிலங்குகளைப் பராமரித்து வருமானம் எடுக்கலாம் என்று கொண்டுவந்தார்கள். இன்று அப்படி எண்பதுக்கும் மேற்பட்ட அமைப்புகள் இருக்கின்றன. யானை சுடப்பட்ட அன்று ஊரே வாளியும் கத்தியுமாக வரும். மதியத்துக்குள் எலும்பும் இரைப்பைச் சாணமும்தான் மிஞ்சும். இரவில் அதே யானைக்கூட்டம் அவர்களுடைய தண்ணீர்த் தொட்டியைப் பெயர்த்துப் போட்டிருக்கும். போட்ஸ்வானா 2014-ல் வேட்டையை நிறுத்தி, 2019-ல் மறுபடி திறந்ததற்கு இதேபோல யானையோடு வாழும் அங்குள்ள ஊர்க்காரர்களின் கோபமும் ஒரு காரணம். பணம் எல்லா இடத்திலும் ஊருக்குப் போய்ச் சேருகிறதா என்றால், இல்லை. நடுவில் தின்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். அதனால்தான் முகாமைத் தேர்ந்தெடுக்கும்போது இறைச்சி யாருக்கு, கட்டணத்தில் ஊருக்கு எவ்வளவு என்றும் கேட்கச் சொல்கிறேன். நீங்கள் மறுத்தால் உங்கள் மறுப்பை மதிக்கிறேன்.

மனைவியும் பத்து வயது மகளும் கூட வருகிறார்கள். அவர்களுக்கு வேட்டையில் ஆர்வம் இல்லை.
*பி.என்., சிங்கப்பூர்*

அப்படியானால் எருமைப் பகுதிகள் வேண்டாம். மலேரியா, கடித்து ரத்தம் குடிக்கும் ட்செட்ஸி ஈ, கூடாரம், பத்து நாள் வேறு முகம் பார்க்க முடியாது. தென் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கேப் பக்கம் போங்கள். மலேரியா இல்லை, அறைகள் நன்றாக இருக்கும், நீங்கள் மலையேறும் நேரத்தில் அவர்கள் யானைப் பூங்காவுக்குப் போய்வரலாம். வேட்டையாடாமல் உடன் வருபவர்களுக்கும் நாள் கட்டணம் உண்டு, முன்பே கேட்டுவிடுங்கள்.

ஜாம்பேசிக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. என்ன உடை எடுத்துப் போக?
*கே.வி., துபாய்*

காக்கி, பழுப்பு, மங்கிய பச்சை. நீலமும் கறுப்பும் ட்செட்ஸி ஈக்கு அழைப்பிதழ். அது ஜீன்ஸுக்கு மேலேயே குத்தும். புது பூட்ஸ் வேண்டாம், இரண்டு மாதம் வீட்டில் போட்டு நடந்து தேய்த்த பூட்ஸ் எடுத்துப் போங்கள். சட்டை மூன்று போதும், முகாமில் தினமும் துவைத்துக் கரி இஸ்திரிப்பெட்டியில் தேய்த்துத் தருவார்கள்.