பள்ளத்தை விடுங்கள், மேட்டைப் பாருங்கள்

அன்புள்ள ஐயா,

நியூகாசிலில் வசிக்கிறேன். ரோமானியர் போட்ட டியர் ஸ்ட்ரீட் என்ற பழைய சாலை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, செவியட் குன்றுகளில் ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டிய சூ கிரீன் வரை போய் வந்தேன். சரிவில் ஐந்தாறு பள்ளத் தடங்கள் பக்கம் பக்கமாக வளைந்து ஏறுகின்றன. ரோமானியர் சாலை நேராகத்தான் போகும் என்பார்களே, இதில் எது அசல்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்தப் பள்ளங்கள் பெரும்பாலும் பிற்காலத்தவை. ஸ்காட்லாந்திலிருந்து இங்கிலாந்துச் சந்தைகளுக்கு மந்தை மந்தையாக மாடு ஓட்டிப் போனவர்களின் வழி அது. குளம்பு பட்டு ஒரு தடம் சேறானதும் பக்கத்திலேயே இன்னொன்றில் ஏறுவார்கள். அதனால்தான் அத்தனை தடங்கள்.

ரோமானியர் சாலை தரைக்கு மேலே எழும்பி நிற்கும். இரண்டு பக்கமும் வாய்க்கால் வெட்டி, நடுவில் கல்லும் மண்ணும் கொட்டி மேடாக்கினார்கள். அதில் இன்றும் தண்ணீர் நிற்பதில்லை. பல இடங்களில் மேட்டின் மேல் குட்டைப் புல்லும், இருபுறமும் ஈரத்தில் கோரையும் வளர்ந்திருக்கும். ஓரமாக வட்டமான சின்னச் சின்னக் குழிகள் வரிசையாகத் தெரிந்தால் நின்று பாருங்கள். சாலைக்காகக் கல் தோண்டிய குழிகளாக இருக்கலாம். எனக்குச் சாலையைவிட அந்தக் குழிகள் மேல்தான் பிரியம் அதிகம். கி.பி. 80 வாக்கில் ரோமானிய ஆளுநர் அக்ரிகோலாவின் படை வடக்கே போன காலத்துச் சாலை என்கிறார்கள். மண்வெட்டி பிடித்த அந்தச் சிப்பாய்களின் பெயர் எங்கும் இல்லை, குழி இருக்கிறது.

அப்புறம், நேர்கோடு. ஓர் உச்சியிலிருந்து அடுத்த உச்சியைக் குறிபார்த்துத்தான் கோடு பிடித்தார்கள். திரும்புவதென்றாலும் பெரும்பாலும் உயரமான இடத்தில்தான். கார்பிரிட்ஜ் ஊருக்கு வடக்கே ஏ68 நெடுஞ்சாலை பழைய சாலையின் மேலேயே ஏறி இறங்கி நேராக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் செங்குத்துச் சரிவிலும் ஓடைப் பள்ளத்திலும் அவர்களும் வளைந்துதான் போனார்கள். ஆகவே வளைவை மட்டும் பார்த்து ஒரு தடத்தைத் தள்ளிவிடாதீர்கள்.

கல் பாவியிருந்தால் ரோமானியர் சாலை என்றும் நம்பிவிட வேண்டாம். பென்னைன் மலையில் பிளாக்ஸ்டோன் எட்ஜ் என்ற இடத்தில் அழகான கல்பாதை ஒன்று உண்டு. நெடுங்காலம் ரோமானியருடையது என்று காட்டப்பட்டது. 18ஆம் நூற்றாண்டுச் சுங்கச்சாலையாக இருக்கலாம் என்று இன்று பலர் கருதுகிறார்கள்.

சமவெளியில் ஏர் உழுது அழித்த மேடுகள், உழவு ஏறாத குன்றில் தப்பியிருக்கின்றன. நீங்கள் இருக்கும் இடத்துக்கு இது பெரிய வாய்ப்பு, விடாதீர்கள். கிளம்புமுன் லைடார் படங்களைப் பாருங்கள், விமானத்திலிருந்து லேசர் ஒளியால் தரையை அளந்து எடுத்தவை அவை. இங்கிலாந்துப் பகுதிக்கு இலவசமாகவே கிடைக்கின்றன. புல்லும் புதரும் நீங்கி மண்ணின் ஏற்ற இறக்கம் மட்டும் தெரியும். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் பழைய வரைபடங்களும் உள்ளன. குளிர்காலத்தில் வெயில் சாய்ந்திருக்கும் நேரம் போனால் தாழ்ந்த மேடும் நிழல் போட்டுக் காட்டிக்கொடுக்கும்.

அடுத்த முறை சூ கிரீனிலிருந்து வடக்கே வோடன் லா குன்று வழியாகப் பென்னிமுயர் வரை நடங்கள். எதையும் தோண்டாதீர்கள். தெற்கே ஹை ராச்செஸ்டர் பக்கம் ராணுவத்தின் துப்பாக்கிப் பயிற்சி நிலம். சிவப்புக் கொடி பறந்தால் திரும்பிவிடுங்கள்.