டைம் கீப்பர் மேசையிலிருந்து: கேள்வி பதில்

கல்லூரி மாணவர்களுக்கான ஆங்கிலப் பேச்சுப் போட்டிகளைப் பற்றிக் கேட்க விரும்புகிறவர்கள் கேளுங்கள் என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதி உச்சரிப்பைப் பற்றி, மீதியில் பாதி மறதியைப் பற்றி. நான் முப்பது வருடம் ஆங்கிலப் பாடம் நடத்தியவன். நடுவர் நாற்காலி கிடைப்பதற்கு முன் பதினோரு வருடம் மேடைக்கு எதிரே ஸ்டாப் வாட்சும் மூன்று வண்ண அட்டைகளுமாக டைம் கீப்பராக உட்கார்ந்திருந்தேன். நடுவரைவிட அந்த ஆளுக்குத்தான் அதிகம் தெரியும் என்பது என் கட்சி. மதிப்பெண் போடுகிற வேலை இல்லையே, நிம்மதியாகப் பேச்சாளரின் முகத்தைப் பார்க்கலாம்.

பள்ளி முழுக்கத் தமிழ் வழியில் படித்தேன். இப்போது வேதியியல் இரண்டாம் ஆண்டு. என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. ஆங்கில வழியில் படித்தவர்களோடு நான் போட்டி போட முடியுமா, ஐயா?

முடியும் அம்மா. ஆறுதலுக்குச் சொல்லவில்லை, கணக்கைக் காட்டுகிறேன். 1924இல் ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் கலிஃபோர்னியாவில் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற சங்கம் இன்று உலகம் முழுக்க இருக்கிறது. பதினெட்டு வயது ஆனவர்கள் சேரலாம். அதன் பேச்சுப் போட்டிகளில் நெடுநாள் புழங்கிய மதிப்பெண் தாளில் சொல்லும் விஷயத்துக்கு 50, சொல்லும் விதத்துக்கு 30, மொழிக்கு 20. அந்த இருபதிலும் பாதி, சொற்கள் இடத்துக்குப் பொருந்துகின்றனவா என்பதற்கு. பிழையில்லாத இலக்கணம், உச்சரிப்பு இரண்டுக்கும் சேர்த்து மிச்சம் இருப்பது 10. நீங்கள் ராத்திரி தூங்காமல் கவலைப்படுவது அந்தப் பத்துக்காக.

அதே சங்கம் நடத்தும் உலகப் போட்டியில் 2014இல் வென்றவர் இலங்கையின் தனஞ்சய ஹெட்டியாராச்சி. அடுத்த வருடம் வென்ற முகமது கஹ்தானி சவூதி அரேபியாக்காரர், சின்ன வயதிலிருந்தே திக்குவாய் உள்ளவர்.

ஆனால் உச்சரிப்பு ஒரு பொருட்டே இல்லை என்று சொன்னால் உங்களை ஏமாற்றினவன் ஆவேன். ஒரு மாணவர் உழைப்பையும் வெற்றியையும் பற்றி அருமையாகப் பேசினார். அவர் பேச்சின் உயிர் ஒரே ஒரு வாக்கியம்: ஒவ்வொரு பரிசுக்கும் ஒரு விலை உண்டு. பரிசு, விலை இரண்டுக்கும் உள்ள ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் நாம் ‘பிரைஸ்’ என்றே எழுதுகிறோம், அப்படியே சொல்லியும் விடுகிறோம். பரிசின் கடைசி ஒலி வண்டு ரீங்காரம் மாதிரி தொண்டை அதிர வரவேண்டும். விலையின் ஒலி வெறும் காற்று. அவர் இரண்டையும் காற்றாகவே விட்டார். “ஒவ்வொரு விலைக்கும் ஒரு விலை உண்டு” என்று அரங்கத்தின் காதில் விழுந்தது. முன்வரிசையில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவம், கைதட்டலுக்காக நிறுத்திய இடத்தில் அவர் சும்மா நின்றார்.

அதனால் உச்சரிப்பு மொத்தத்தையும் மாற்றக் கிளம்பாதீர்கள், அது ஆகாத காரியம். உங்கள் பேச்சைத் தாங்குகிற சொற்கள் பதினைந்து இருக்கும். அவற்றை மட்டும் எடுத்து அகராதியைப் பாருங்கள். உச்சரிப்புக் குறிப்பில் மேலே ஒரு சின்னக் கோடு இருக்கும். அதை அடுத்து வரும் அசையைத்தான் அழுத்த வேண்டும். தமிழில் நாம் எல்லா அசைக்கும் ஏறக்குறைய ஒரே கனம் கொடுத்துப் பழகியவர்கள். ஆங்கிலத்தில் ஒன்றை அழுத்தி மற்றதை விழுங்குவார்கள். ‘டெவலப்’பில் அழுத்தம் நடு அசையில், ‘கமிட்டி’யில் ‘மி’யில். புகைப்படம் என்பதற்கு ‘ஃபோ’வை அழுத்துகிறவர்கள் அதை எடுக்கிறவரைச் சொல்லும்போது ‘டா’வுக்குத் தாவுவார்கள். பென்சிலால் அந்தப் பதினைந்து சொல்லிலும் குறி போட்டுக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் உங்கள் ஊர்க்குரலிலேயே இருக்கட்டும், கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

வரிக்கு வரி மனப்பாடம் செய்தும் பாதியில் மறந்து நின்றுவிட்டேன். இனி மேடையே வேண்டாம் என்று தோன்றுகிறது.

வாருங்கள் தம்பி, நம் கூட்டம்தான். நான் பி.ஏ. படித்தபோது எண்ணூறு சொல் பேச்சு ஒன்றை நெட்டுருப் போட்டேன். மூன்றாவது பத்தி ‘நெவர்தெலெஸ்’ என்று தொடங்க வேண்டும். பின்னால் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அந்தக் ‘கிறீச்’சில் நெவர்தெலெஸ் போய்விட்டது. என்ன செய்தேன் தெரியுமா? “ரெஸ்பெக்டட் ஜட்ஜஸ்” என்று முதலிலிருந்து ஆரம்பித்தேன். வேகமாக ஓடி வந்தால் பள்ளத்தைத் தாண்டிவிடலாம் என்று கணக்கு. சரியாக அதே இடத்தில் மறுபடி நின்றேன். மூன்றாம் தடவையும் ரெஸ்பெக்டட் ஜட்ஜஸ். நடுவர்களில் ஒருவர் குனிந்து மேசை விரிப்பின் ஓரத்தைச் சரிசெய்ய ஆரம்பித்தார். டைம் கீப்பராக இருந்த அம்மையார் மட்டும் என்னை நேராகப் பார்த்து, “நீங்க சொல்ல வந்தது என்ன?” என்பது போலப் புருவத்தை உயர்த்தினார். எனக்குப் பதில் தெரியவில்லை. சொற்கள் தெரியும், சொல்ல வந்தது தெரியாது. கோளாறு அங்கேதான்.

நெட்டுருப் போட்ட பேச்சு சங்கிலி மாதிரி, ஒரு கண்ணி விட்டால் அடுத்தது கைக்கு வராது. அதனால் வழியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கே தொடங்கி, எந்தெந்த இடத்தில் நின்று, எங்கே இறங்கப் போகிறோம் என்று ஐந்தாறு நிறுத்தங்கள் போதும். முதல் இரண்டு வாக்கியங்களையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் சொல் பிசகாமல் வைத்துக்கொள்ளலாம். படபடப்பு உச்சத்தில் இருப்பது ஆரம்பத்தில், கைதட்டல் எங்கே என்று அரங்கத்துக்குத் தெரியவேண்டியது முடிவில். பயிற்சி செய்யும்போது ஒவ்வொரு தடவையும் வேறு சொற்களில் பேசிப் பாருங்கள். ஒரு தடவை முழுக்கத் தமிழிலேயே பேசுங்கள். தமிழில் சொல்ல வராத இடம் இருந்தால், அது உங்களுக்கே புரியாத இடம். அதை வெட்டிவிடலாம்.

அப்படியும் மறந்தால்? நிறுத்துங்கள், மூச்சு விடுங்கள், கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை மெதுவாகத் திரும்பச் சொல்லுங்கள். அழுத்தம் கொடுப்பதற்காகச் சொல்வதாகத்தான் கேட்கிறவர்கள் நினைப்பார்கள். ஒரு பெண் போட்டி முடிந்ததும் என்னிடம் வந்து, “சார், ஒரு நிமிஷம் அப்படியே நின்னுட்டேன்” என்று கண்கலங்கினார். நான் குறித்து வைத்திருந்ததைக் காட்டினேன். ஏழு விநாடி.

ஐந்து முதல் ஏழு நிமிடம் என்றால் எத்தனை நிமிடத்துக்குத் தயார் செய்வது?

ஆறுக்கு. டோஸ்ட்மாஸ்டர்ஸ் முறையில் ஐந்தாவது நிமிடம் பச்சை, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு. நாலரை நிமிடத்துக்குக் குறைந்தாலும் ஏழரையைத் தாண்டினாலும் தகுதி நீக்கம், எவ்வளவு நன்றாகப் பேசியிருந்தாலும் சரி. படபடப்பில் வேகம் கூடும். ஆனால் சிரிக்க வைக்கிற பேச்சாக இருந்தால் அரங்கத்தின் சிரிப்பு நேரத்தைத் தின்னும். வீட்டில் ஆறே முக்கால் வந்த நகைச்சுவைப் பேச்சு மேடையில் ஏழரையைத் தாண்டி முதல் பரிசை இழந்ததை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். நான்தான் அட்டை பிடித்தேன். அன்று என் முகத்தில் விழிக்க யாருக்கும் பிடிக்கவில்லை.

சீட்டு எடுத்து உடனே பேசும் சுற்றில் தலை வெறுமையாகிவிடுகிறது. என்ன செய்ய?

‘கதவு’ என்று ஒரு தலைப்பு வந்தது. பத்துப் பேரில் ஏழு பேர், கதவுகள் பல வகைப்படும் என்று ஆரம்பித்தார்கள். இரண்டு பேர் வாய்ப்பின் கதவு தட்டும் என்றார்கள். எட்டாவதாக வந்த பையன், விடுதியில் தன் அறைக் கதவு சரியாகச் சாத்தாது, காகிதத்தை மடித்துச் செருகித்தான் படுப்பான் என்று தொடங்கினான். அந்தக் காகிதம் அவன் தோற்ற தேர்வின் வினாத்தாளாம். பரிசு யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சீட்டைப் பார்த்ததும் விளக்கம் தேடாதீர்கள். அந்தப் பொருள் உங்கள் கையில் கடைசியாகப் பட்டது எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு சம்பவம் கிடைத்தால், அதிலிருந்து எங்கே போய் முடிக்கலாம் என்று பாருங்கள். முடிவு தெரிந்த பிறகே வாயைத் திறக்க வேண்டும். இந்தச் சுற்றுக்குப் பல இடங்களில் இரண்டு நிமிடம்தான், ஒரு சம்பவத்துக்கு அது தாராளம். தினமும் ஒரு சொல்லை எடுத்து, குளிக்கும்போது பேசிப் பாருங்கள். வீட்டில் உள்ளவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஏ.ஐ. எழுதித் தரும் பேச்சைப் போட்டிக்குக் கொண்டுபோகலாமா? எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

எல்லோரும் செய்வது உண்மைதான், தொடர்ந்து நான்கு பேர் ஒரே பேச்சைப் பேசுவது போல இருக்கிறதே. பேச்சின் பெரும்பகுதி சொந்தமாக இருக்க வேண்டும் என்பது போட்டிகளில் பொதுவான விதி. டோஸ்ட்மாஸ்டர்ஸில் மேற்கோளும் இரவலும் கால் பங்குக்கு மேல் போகக்கூடாது, அதையும் யாருடையது என்று மேடையிலேயே சொல்ல வேண்டும்.

விதியை விடுங்கள். பேச்சு முடிந்ததும் கேள்வி கேட்கும் வழக்கம் பல போட்டிகளில் உண்டு. ஒரு மாணவர் தன் பாட்டியின் தையல் இயந்திரத்தைப் பற்றி உருக்கமாகப் பேசினார். எனக்கு நிஜமாகவே ஆர்வம் வந்துவிட்டது. “அது கையால சுத்துறதா, காலால மிதிக்கிறதா?” என்று கேட்டேன். அவர் மேல்விட்டத்தைப் பார்த்தார். பிறகு “போத்” என்றார்.

இயந்திரத்தை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதியதைக் கொடுத்து, ‘இதில் பத்துக் குறுக்குக் கேள்வி கேள்’ என்று சொல்லுங்கள். அதற்கு உபயோகப்படும்.

விவாத மேடையில் நன்றாகப் பேசுகிற என் நண்பன் தனிப்பேச்சில் தோற்கிறான். ஏன்?

இரண்டும் வேறு வேறு ஆட்டம். பல்கலைக்கழக விவாதங்களில் பரவலாக உள்ள பிரிட்டிஷ் பாராளுமன்ற முறையில் நான்கு அணிகள், அணிக்கு இருவர். தலைப்பு தெரிவது பதினைந்து நிமிடத்துக்கு முன்னால்தான். ஆளுக்கு ஏழு நிமிடம். முதல், கடைசி நிமிடங்கள் போக நடுவில் எதிர்த்தரப்பு எழுந்து குறுக்கிடலாம். 1981இல் கிளாஸ்கோவில் தொடங்கிய உலகப் பல்கலைக்கழக விவாதப் போட்டியும் இந்த முறைதான். (ஆங்கிலம் இரண்டாம் மொழியாக உள்ளவர்களுக்கு அங்கே தனி இறுதிச்சுற்றே உண்டு, முதல் கேள்வி கேட்ட அம்மா கவனிக்க.) அங்கே வேகமும் அடுக்கடுக்கான வாதமும் சோறு போடும். அதே வேகத்தில் தனிப்பேச்சில் பேசினால், எதிரே யாருமே சண்டைக்கு வராதபோது இவர் ஏன் சண்டை போடுகிறார் என்று தோன்றும். நண்பரைக் கொஞ்சம் மூச்சு வாங்கச் சொல்லுங்கள்.

என்னைவிட மோசமாகப் பேசியவருக்குப் பரிசு கொடுத்தார்கள். நடுவரிடம் போய்க் கேட்கலாமா?

“அவருக்கு ஏன் கொடுத்தீங்க?” என்று கேட்காதீர்கள். “என் பேச்சுல உங்களுக்கு எது ஞாபகம் இருக்கு?” என்று கேளுங்கள். நடுவர் யோசிக்க ஆரம்பித்தால் விடை கிடைத்துவிட்டது. நாங்களும் தப்பு செய்கிறோம், இல்லை என்று சொல்லமாட்டேன். முதலாவதாகப் பேசுகிறவருக்கு ஒரு மதிப்பெண் குறைத்தே கை போகும். பின்னால் இன்னும் நல்லது வருமோ என்று சேமித்து வைக்கிற புத்தி.

மேடையில் கையை எங்கே வைத்துக்கொள்வது?

தோளிலிருந்து தொங்கவிடுங்கள். வேண்டும்போது அதுவாக எழும். சட்டைப் பையில் சாவி, சில்லறை இருந்தால் மட்டும் பேசப் போகுமுன் என் மேசையில் வைத்துவிட்டுப் போங்கள்.