தொழில் கேள்வி–பதில்: இன்று இரவு 12 மணிக்குள் சேர வேண்டுமாம்!

கேள்வி: கைப்பைகள் தைத்து வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்கிறேன். ஆர்டர் ஓரளவு வருகிறது. சமீபத்தில் ஓர் இலவச வெபினாரில் கலந்துகொண்டேன். கடைசியில் ஆன்லைன் பிசினஸ் பயிற்சி ஒன்றை அறிவித்து, இன்று இரவு 12 மணிக்குள் சேர்ந்தால் பாதிக் கட்டணம் என்றார்கள். விளம்பரம் கொடுக்கக் கற்றுக்கொண்டால் விற்பனை பத்து மடங்காகுமாம். சேரலாமா?

பதில்: இன்று இரவு சேர வேண்டாம். நாளைக்கு அதே லிங்க்கை வேறொரு போனில் திறந்து பாருங்கள், கவுன்ட்டவுன் மறுபடி முதலிலிருந்து ஓடினாலும் ஓடும். 'நேரலை' என்று ஓரத்தில் போட்டிருந்தாலும் இத்தகைய வெபினார்களில் பல முன்பே பதிவு செய்தவை. சாட்டில் வந்து விழும் 'நான் சேர்ந்துட்டேன் சார்' என்பதைக்கூட முன்கூட்டியே எழுதி வைக்க மென்பொருள் இருக்கிறது. முதலில் இலவச வகுப்பு, அப்புறம் பாதிக் கட்டணத்தில் கோர்ஸ், அதில் சேர்ந்தவர்களுக்கு அதைவிடப் பல மடங்கு கட்டணத்தில் 'பர்சனல் மென்டரிங்'. இதற்குத்தான் ஃபனல் என்று பெயர். அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2021-ல், பணம் சம்பாதிக்க வழி காட்டுவதாக விற்கும் 1,100-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, வருமானம் பற்றி ஏமாற்றிச் சொன்னால் அபராதம் என்று நோட்டீஸ் அனுப்பியது. அந்த அளவுக்குப் பரவிய விஷயம் இது.

சரி, கோர்ஸ் நல்லதாகவே இருக்கட்டும். உங்களுக்கு இப்போது விளம்பரப் பாடம் தேவையா என்பதுதான் என் சந்தேகம். ஒரு பையின் விலையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். துணி, ஜிப், நூல், கைப்பிடி எல்லாம் சேர்த்து 55, பேக்கிங்கும் கூரியரும் 15, திரும்பி வருவதிலும் கறை பட்டு வீணாவதிலும் சராசரியாக 5 போனால் கையில் நிற்பது 25. இதில் உங்கள் தையல் கூலி இன்னும் சேரவில்லை, நிறையப் பேர் அதைக் கணக்கிலேயே எழுதுவதில்லை. இந்த நிலையில் ஒரு ஆர்டர் பிடிக்க விளம்பரத்துக்கு 30 ஆனால், விற்கும் ஒவ்வொரு பைக்கும் 5 நஷ்டம். விற்பனை பத்து மடங்கானால் நஷ்டமும் பத்து மடங்கு! அடக்கவிலை போடுவது, விலை வைப்பது, பழைய வாடிக்கையாளரை மறுபடி வாங்க வைப்பது, இந்த மூன்றும் பாடத்திட்டத்தில் எங்கே வருகிறது என்று பாருங்கள். விளம்பரம் அதற்கு அப்புறம்தான்.

சேருவதற்கு முன் பயிற்சியாளரிடம் கேளுங்கள்: பயிற்சி விற்பதைத் தவிர உங்களுக்கு என்ன தொழில்? என் கணக்கை யாராவது பார்த்துத் திருத்துவார்களா, இல்லை வீடியோ மட்டும்தானா? பணம் திரும்பக் கிடைக்கும் என்றால் அந்த நிபந்தனையை எழுத்தில் வாங்குங்கள். 'எல்லாப் பாடத்தையும் முடித்து, எல்லாப் பயிற்சியையும் சமர்ப்பித்திருந்தால் மட்டும்' என்று சின்ன எழுத்தில் போட்டு, அதற்கு ஒரு வாரம் மட்டும் கெடு வைப்பவர்களும் உண்டு.

கேள்வி: இலவசமாகவும் பணம் கட்டியும் நாலைந்து ஆன்லைன் கோர்ஸில் சேர்ந்தேன், ஒன்றைக்கூட முடிக்கவில்லை. எனக்குத் தொழில் செய்யும் ஒழுக்கமே இல்லையோ என்று தோன்றுகிறது.

பதில்: அப்படிப் பார்த்தால் உலகத்தில் பெரும்பாலோருக்கு இல்லை. அமெரிக்காவின் எம்ஐடி, ஹார்வர்ட் பல்கலைக்கழகங்கள் நடத்திய ஆன்லைன் பாடங்களை அலசி 2019-ல் வெளியான ஆய்வில், பதிவு செய்தவர்களில் பாதிப் பேர் பாடப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. முடித்தவர்கள் 2017-18-ல் நூற்றுக்குச் சுமார் 3 பேர். கட்டணம் கட்டியவர்களிலேயே பாதிக்கும் குறைவுதான். கோர்ஸை முடிப்பது உங்கள் வேலை இல்லை, கடையை நடத்துவதுதான் வேலை. இந்த மாதம் எது இடிக்கிறதோ அந்த ஒரு பாடத்தை மட்டும் பாருங்கள், பார்த்த அன்றே உங்கள் நோட்டில் செய்து பாருங்கள், மற்றதை மூடி வையுங்கள்.

பாடம் நீளமாக இருந்தால்தான் பலன் என்பதும் இல்லை. டொமினிகன் குடியரசில் சிறு தொழில் செய்பவர்களில் ஒரு பிரிவினருக்கு முறையான கணக்கியல் வகுப்பும், இன்னொரு பிரிவினருக்கு எளிய நடைமுறை விதிகளும் சொல்லிக்கொடுத்து ஒப்பிட்டார்கள் (2014-ல் வெளியான ஆய்வு). தொழில் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் தனித்தனி டிராயரில் போடு, தொழிலிலிருந்து எடுத்தால் சீட்டு எழுதி வை, இந்த மாதிரி விதிகள். கணக்கை ஒழுங்காக வைத்தது இரண்டாம் பிரிவுதான். கணக்கியல் வகுப்புக்குப் போனவர்களிடம் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. டோகோ நாட்டில் 1,500 சிறு தொழில்முனைவோரை வைத்துச் செய்த ஆய்வு 2017-ல் வந்தது. அதில் வழக்கமான பிசினஸ் பாடத்தைவிட, தானாக முந்திச் செயல்படுவது, இடையூறு வந்தால் விடாமல் மாற்று வழி தேடுவது ஆகியவற்றைப் பழக்கிய பயிற்சிதான் நன்றாகப் பலன் தந்தது; எந்தப் பயிற்சியும் பெறாதவர்களோடு ஒப்பிட்டால் லாபம் சுமார் 30 சதவீதம் கூடியது. இரண்டுமே நேரில் நடந்த வகுப்புகள், வீடியோ அல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: கோர்ஸ் முடித்தால் தரும் சான்றிதழைக் காட்டினால் கடன் கிடைக்குமா?

பதில்: கடன் கொடுப்பவர் பார்ப்பது உங்கள் வங்கிக் கணக்கில் வந்து போன பணம், வரிக் கணக்கு, பழைய கடனைக் கட்டிய விதம். ஏதாவது ஒரு கடன் திட்டமே பயிற்சிச் சான்று கேட்கிறதென்றால் எந்த நிறுவனத்தின் சான்று செல்லும் என்று அந்த விதிகளில் எழுதியிருக்கும். முதலில் அதைப் படித்துவிட்டு அப்புறம் பயிற்சிக்குப் பணம் கட்டுங்கள்.